முதல் வரிசையில் ஒரு குழந்தை

அலுவலகத்தில் அவளுக்கு அட்டவணைக்காரி என்று பெயர். வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். பதிலுக்கு அவள் அவருக்கு வைத்த பெயர் கமா. ஆயிரத்தைத் தாண்டிய எண்ணில் கமா இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சுகாதாரத் துறைக் கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி மட்டுமே தெரிகிற ஓர் அறையில் இரண்டு பேரும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எண்களாக வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்த தேதி, எடை, உயரம், போட்ட ஊசி, போடாத ஊசி. மாதா மாதம் எல்லாக் கிளினிக்குகளிலிருந்தும் வந்து சேரும். அவள் அதையெல்லாம் புள்ளிவிவர மென்பொருளில் போட்டுக் கணக்கெடுத்து, அறிக்கையை விரிதாளாக மாற்றி மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு விரிதாள் ஒன்றுதான் திறக்கத் தெரியும்.

மென்பொருளுக்குள் இருக்கிறவரைக்கும் எண்கள் எல்லாம் சமர்த்தாக இருக்கும். விரிதாளில் கொண்டுபோய் இறக்கினால்தான் கூத்து. கிளினிக்குகளின் குறியீடு பூஜ்யத்தில் தொடங்கும். விரிதாள் அந்தப் பூஜ்யங்களைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். தேதியும் மாதமும் இடம் மாறிக்கொள்ளும்.

"என்னம்மா அட்டவணைக்காரி," என்றார் கமா, அவள் வேலையில் சேர்ந்த புதிதில். "ஒண்ணுலேருந்து ரெண்டு வயசுன்னு நான் அனுப்பினேன். மேல போய்ப் பார்த்தா பிப்ரவரி ஒண்ணாம் தேதின்னு இருக்காம். அந்த வயசுப் பிள்ளைங்க மொத்தமும் காலண்டர்ல போய் ஒட்டிக்கிச்சு."

"அது என்ன பண்ணும் சார், நடுவுல ஒரு கோட்டைப் பார்த்தா தேதின்னு நினைச்சுக்குது."

"நினைக்கச் சொல்லி அதை யார் கேட்டா?"

தசமத்துக்குப் பின்னால் கடைசியில் வருகிற பூஜ்யமும் அப்படித்தான் காணாமல் போகும். பன்னிரண்டு புள்ளி நான்கு பூஜ்யம் என்று மென்பொருளில் இருப்பது விரிதாளில் பன்னிரண்டு புள்ளி நான்காகிவிடும். கமாவுக்கு அதில் மட்டும் கவலை இல்லை. "பூஜ்யம்தானே, போனா போகுது. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார். பூஜ்யம் இருந்தா, யாரோ ஒரு நர்ஸ் முள்ளு நிக்கிறவரைக்கும் குனிஞ்சு பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். இல்லேன்னா குத்துமதிப்பா எழுதினதுன்னு ஆயிடும்."

கமா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உன்னைக் கட்டிக்கிட்டவன் பாவம்," என்றார்.

கட்டிக்கொண்டவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அவனுக்கும் பவரில் கால் புள்ளி பிசகினால் ஆகாது. அதனால்தான் ஒத்துப்போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விரிதாளின் இந்த அட்டூழியத்துக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மூத்த பிள்ளையைப் பார்த்தே இளையதுகளை எடைபோட்டுவிடுகிற டீச்சர் மாதிரி அது. முதல் வரிசையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் கீழே வருகிறவை எப்படிப்பட்டவை என்று முடிவு கட்டுகிறது. அப்படியானால் முதல் வரிசையில் ஒரு டம்மிக் குழந்தையை நிறுத்தினால் போதும். குறியீட்டின் கடைசியில் ஓர் எழுத்து இருக்க வேண்டும். அப்போது அதை எண் என்று எடுத்துக்கொள்ளாது, பூஜ்யங்கள் பிழைக்கும். எடையில் இரண்டு தசமம் வேண்டும். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. பிறந்த தேதி பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும்; மாதத்தோடு குழம்ப வழியிருக்காது. எல்லாம் சரியாக இறங்கிய பிறகு, அனுப்புவதற்கு முன் அந்த வரிசையை விரிதாளிலிருந்து மட்டும் அழித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இது அவளுக்குத் தோன்றியது நீண்ட விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில். உடம்பு இன்னும் தேறவில்லை. நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு தேதி வேண்டும். விரல் தானாக இருபத்தேழு என்று அடித்தது. பிறகு அந்த மாதத்தை. அந்த வருஷத்தை.

அன்றைக்குத்தான் அவள் குழந்தை பிறந்தது. அழவில்லை. அழாமலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். மூச்சே விடாத குழந்தைக்கு இந்தப் பதிவேட்டில் இடமில்லை. அது வேறு பதிவேடு, வேறு அறை. அதைப் பார்க்கிறவர் யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது.

எடைக் கட்டத்தில் இரண்டு புள்ளி எட்டு ஐந்து என்று போட்டாள். அது ஆஸ்பத்திரியில் சொன்ன எடை. பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. பெயர் வைக்க நேரம் இருக்கவில்லை; ஆனால் வயிற்றில் இருந்தபோது கூப்பிட்ட பெயர் ஒன்று இருந்தது. முதல் ஸ்கேனில் டாக்டர் காட்டிய புள்ளியைப் பார்த்து, "என்னங்க இது, கடுகு மாதிரி இருக்கு!" என்று அவள் புருஷன் சத்தமாகச் சிரித்தான். அதிலிருந்து கடுகுதான். வேலை முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் வயிற்றருகே குனிந்து, "கடுகு, இன்னிக்கு உங்கம்மா என்னைத் திட்டினாளா?" என்று கேட்பான். அந்த இருபத்தேழுக்குப் பிறகு அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரவேயில்லை. சமையலறையில் கேட்க நேர்ந்தால்கூட, "அந்தச் சின்ன டப்பாவை எடு" என்பான். குழந்தையைப் பற்றி ஒரு தடவை அவள் பேச ஆரம்பித்தபோது எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிறவரை அங்கேயே நின்றான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கட்டத்தில் கடுகு என்று அடித்தாள்.

டம்மி வரிசையில் வருஷம் முழுக்க ஒரே எண்கள் இருந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அவளால்தான் அப்படி வைத்திருக்க முடியவில்லை. ஒரு மாதம் ஆகியிருக்கிறது, பிள்ளை வளர வேண்டாமா? பழைய மாதங்களின் எடைகள் வரிசையில் அப்படியே இருக்க, வளர்ச்சிக் கோட்டைப் பார்த்துப் புது எடையைக் கூட்டினாள். உயரத்தைக் கூட்டினாள். அந்தந்த மாதத்து ஊசியை ஒருநாள்கூடப் பிந்தாமல் போட்டாள். ஊர் முழுக்கக் காய்ச்சல் வந்த மழைக்காலத்தில், கிளினிக்குகளிலிருந்து வந்த எடையெல்லாம் இறங்கியிருந்தபோது, கடுகு மட்டும் எப்படித் தப்பிப்பாள் என்று அவளுக்கும் கொஞ்சம் குறைத்தாள். அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. "என்னம்மா, மூஞ்சி செத்துப்போயிருக்கு?" என்று கமா கேட்டதற்கு, "வீட்ல உடம்பு சரியில்ல சார்" என்றாள்.

மாதக் கடைசியில் வரிசையை அழிப்பதுகூட அவளுக்குப் பழகிவிட்டது. எங்கேயோ தூரத்துப் பள்ளிக்கூட விடுதியில் விட்டிருக்கிற பிள்ளையை மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வருகிற மாதிரி. கிளம்பும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அடுத்த மாதம் போனால் இன்னும் கொஞ்சம் வளர்ந்து வாசலில் நிற்பாள்.

இப்படியே கடுகுக்கு ஐந்து வயது நெருங்கியது.

ஐந்து முடிந்தால் பதிவேட்டில் இடமில்லை. மென்பொருள் ஏற்காது; வயதுக் கட்டம் சிவப்பாகிவிடும். அட்டவணைக்காரிக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும், அது யாருக்கோ நடக்கப்போகிற விஷயம் மாதிரி இருந்தாள். கடைசி மாதத்து அறிக்கையை விரிதாளில் இறக்கினாள். பூஜ்யங்கள் எல்லாம் இருந்தன, தேதிகள் நேராக நின்றன. முதல் வரிசையில் கடுகு: பதினாறு புள்ளி மூன்று பூஜ்யம். ஐந்து வயது ஊசிக் கட்டத்தில் 'பாக்கி' என்று போட்டிருந்தாள். அது பிறந்தநாளுக்குப் பிறகுதான் போடுவார்கள்.

வரிசையைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கிற பொத்தானின் மேல் விரலை வைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படியே சேமித்துவிட்டு எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது கமா சொன்னார்: "மேலேருந்து மேடம் அவசரமா கேட்டாங்க. நீ முடிச்சு வெச்சிருந்தியே, அந்த ஃபைலை எடுத்து அனுப்பிட்டேன். வர வர உன் வேலையில தப்பே பிடிக்க முடியறதில்ல போ."

ஒரு போன் போட்டால் போதும். ஒரு வரிசை கூடுதலாக வந்துவிட்டது, வேறு ஃபைல் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளில் ஒரு பிள்ளை கூடினால் சராசரி அசையப்போவதில்லை. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் ஒரே ஒரு தடவை மேலே போய்விட்டு வரட்டுமே. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவளை அறியாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

அந்த விரிதாள் மேலே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை என்பதை மட்டும் மறந்துவிட்டாள். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று அதிலிருந்து பிரித்து, ஒவ்வொரு பகுதி நர்ஸின் கைபேசிக்கும் அனுப்புவார்கள். முகவரிக் கட்டத்தை அவள் காலியாக விட்டிருக்கவில்லை. எந்தத் தாய் தன் பிள்ளைக்கு அடுத்தவர் வீட்டு முகவரியைக் கொடுப்பாள்?

விடுமுறை நாள் காலை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் நாற்காலியை இழுத்துப்போட்டு மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்த் திறந்தான்.

"அப்பா, நாலு மாடி! லிஃப்ட்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கு," என்றது ஒரு பெண் குரல். "கிளினிக்லேருந்து வரேங்க. பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஊசி பாக்கி இருக்கு. அதான், இந்தத் தெருவுக்கு வந்தேன், அப்படியே சொல்லிட்டுப் போலாம்னு. பாப்பா இருக்காளா?"

"எந்தப் பாப்பா?"

"உங்க பாப்பாதாங்க. இருங்க, பேரு சொல்றேன்." கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "கடுகு. கடுகா? இப்படியும் பேரு வைப்பாங்களா! கூப்பிடற பேரா இருக்கும்."

சமையலறையில் அவள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை. சுற்றிச் சுற்றி ஆடி நின்றது. நுரை வழிகிற கையோடு அறை வாசலுக்கு வந்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். நம் இரண்டு பேரைத் தவிர இந்தப் பெயர் யாருக்குத் தெரியும் என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் முகத்திலேயே பதில் கிடைத்திருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லை என்று அவன் சொல்லிவிடுவான், கதவைச் சாத்திவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் நர்ஸ் பக்கம் திரும்பி, "வேற என்னம்மா போட்டிருக்கு?" என்றான்.

"என்னன்னா?"

"அவளைப் பத்தி. எடை எவ்வளவு போட்டிருக்கு?"

"பதினாறு புள்ளி மூணு. உயரம் நூத்தி ஆறு."

"நூத்தி ஆறுன்னா?"

நர்ஸ் கையைத் தன் இடுப்புக்குச் சற்று மேலே காற்றில் வைத்துக் காட்டினாள். அவன் அந்தக் கைக்குக் கீழே பார்த்தான். தரை வரைக்கும் பார்த்தான்.

"நல்லா வளர்ந்திருக்காளா?"

"நல்லாத்தான் வளர்ந்திருக்கா. நடுவுல ஒரு மழைக்காலத்துல கொஞ்சம் இறங்கியிருக்கு, அடுத்த மாசமே ஏறிடுச்சு. ஊசி ஒண்ணுகூட விடல. இந்தத் தெருவுல உங்களை மாதிரி யாரும் தேதி தவறாம போட்டதில்லீங்க. நிஜமா சொல்றேன்." நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு பொம்மைகூட இல்லாத கூடம். சுவரில் கிறுக்கல் இல்லை. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. அவள் குரல் இறங்கியது. "பாப்பா இங்க இல்லீங்களா?"

நர்ஸ் கைபேசித் திரையை விரலால் தள்ளினாள்.

"நான் ஏதாவது ஒண்ணு போட்டாத்தாங்க இது என்னை விடும். ஊசி போட்டாச்சு, வேண்டாம்னுட்டாங்க, வீடு மாறிட்டாங்க..." நான்காவதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. "எதைப் போடட்டும்?"

"வீடு மாறிட்டாங்கன்னு போடுங்க," என்றான் அவன்.

"அதைப் போடாதீங்க," என்றாள் அட்டவணைக்காரி. நர்ஸ் வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அதைப் போட்டா வேற ஒரு நர்ஸ் வேற ஒரு தெருவுல தேடுவாங்க. எதுவுமே போடாதீங்க. அந்த ஃபைலை அனுப்பினது எங்க ஆபீஸ்தான். நான்தான். அது... அது டம்மி. தப்பா வந்திருச்சு. நாளான்னிக்கு ஆபீஸ் போனதும் எடுத்துடறேன்."

நர்ஸ் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை வீட்டு வாசலில் நின்றவளோ, மேலே ஒன்றும் கேட்கவில்லை. கைபேசியைப் பைக்குள் போட்டாள். "தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள். அவன்தான் போய்க் கொண்டுவந்தான். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வரேங்க" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கீழே கீழே போய்த் தேய்ந்தது.

கதவைச் சாத்திவிட்டு அவன் அதன் மேலேயே சாய்ந்து நின்றான்.

"டம்மியா?" என்றான்.

"நர்ஸுக்கு வேற எப்படிச் சொல்றது?"

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்து."

"ஆரம்பத்துலேருந்துன்னா?"

"பொறந்ததுலேருந்து."

கத்துவான் என்று நினைத்தாள். பைத்தியமா உனக்கு என்று கேட்பான், டாக்டரிடம் போகலாம் என்பான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் அவ பேரைக்கூட..."

"எனக்குப் பேச வரல. வாயைத் திறந்தா உடைஞ்சிடுவேன்னு இருந்துது. அதுக்காக?" அவன் குரல் ஒரு கோணலாகப் போயிற்று. "பல்லு முளைச்சிருக்கும். நடந்திருப்பா. காய்ச்சல் வந்திருக்கு. எல்லாத்தையும் நீ மட்டும் பார்த்திருக்கே. நான் இங்கயேதானே இருந்தேன்? பக்கத்து நாற்காலியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அஞ்சு வருஷம் நீ மட்டும் தனியா வளர்த்திருக்கே. எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கல."

"அது வெறும் நம்பருங்க."

"அந்த நம்பராவது எனக்குக் கொடுத்திருக்கலாம்ல?"

அவள் பக்கத்தில் போனாள். கையில் நுரை காய்ந்துபோயிருந்தது. தோளைத் தொட்டபோது அவன் தட்டிவிடவில்லை. ஆனால் அந்தத் தோள் அவளுக்குத் தெரிந்த தோளாக இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனான். நான்கு மாடிக்குக் கீழே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் அவன் சும்மா நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அங்கே யாரோ ஒரு சின்னப் பெண் மூன்று சக்கர சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மின்விசிறியில் ஓர் இறக்கை மட்டும் பளிச்சென்று இருந்தது.

வேலை நாள் வந்தது. மேடத்துக்குப் போன் செய்து, ஒரு டம்மி வரிசை தவறிப்போய் வந்துவிட்டது, திருத்தின ஃபைல் அனுப்புகிறேன் என்றாள். "உன்கிட்டேருந்தா?" என்று மட்டும் கேட்டார் மேடம். ஃபைலைத் திறந்தாள். வரிசையைத் தேர்ந்தெடுத்தாள். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை. கடுகு இருந்த இடத்துக்கு வேறொரு தெருவின், வேறொரு வீட்டின் குழந்தை ஏறி வந்து நின்றது.

பிறகு அடுத்த மாதத்துக்கான டம்மியைத் தயார் செய்தாள். பெயர்: அஅஅ. தேதி: முப்பத்தொன்று. எடை: தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது. கமா எட்டிப் பார்த்தார்.

"யாரு இந்தப் பயில்வான்? தொண்ணூத்தொம்போது கிலோ!"

அவள் சிரிக்க முயன்றாள். கமா தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டீயைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

டீ ஆறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவன். கடையிலிருந்து. இரண்டு நாளாக வீட்டில் பேசாதவன். பின்னால் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், "இருங்க" என்றான்.

"அந்த நர்ஸ் எடை சொன்னாங்கல்ல. எவ்வளவு? எனக்கு மறந்துபோச்சு."

அவன் எதையும் மறக்கிறவன் இல்லை. நூறு பேருடைய கண்ணாடி அளவு அவன் தலைக்குள் இருக்கும்.

"பதினாறு புள்ளி மூணு பூஜ்யம்," என்றாள்.

"மூணுன்னுதானே அவங்க சொன்னாங்க. அந்தப் பூஜ்யம் எதுக்கு?"

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாராவது போய் மோட்டாரை நிறுத்த வேண்டும்.

"முள்ளு நிக்கிறவரைக்கும்..." என்று ஆரம்பித்தாள். யாருமே எந்தத் தராசிலும் நிற்கவில்லை. யாரும் குனிந்து பார்க்கவில்லை. "அது இருக்கணுங்க," என்றாள். "அது இல்லேன்னா, நாம பார்க்கலன்னு ஆயிடும்."

அவன் போனை வைக்கவில்லை. இயந்திரத்தின் சத்தம் நின்றிருந்தது. பிறகு, எங்கேயோ எழுதி வைத்துக்கொள்கிறவன் மாதிரி, ஒவ்வொன்றாக மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"பதினாறு. புள்ளி. மூணு. பூஜ்யம்."